செவ்வாய் இரவு, விடிந்தால் புதன்

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை ஆறு மணிக்கு 'வரலாற்றில் இன்று' என்று ஒரு செய்தி வந்து விழும். அனுப்புகிறவர் மூன்றாவது மாடிக்காரர். நல்ல மனிதர், பூங்கொத்துப் படத்தோடுதான் அனுப்புவார். பன்னிரண்டு நிகழ்ச்சிகள் இருந்தால் அதில் குறைந்தது மூன்று தப்பாக இருக்கும். என்னால் சும்மா இருக்க முடியாது. "யார் சொன்னது?" என்று கேட்பேன். "கூகுள்தான் ஆண்ட்டி" என்பார். "கூகுளுக்கு யார் சொன்னது?" என்பேன். உடனே கும்பிடு போடும் கைகள் நாலைந்து வரிசையாக வரும். வாயை மூடு என்பதை டெல்லித் தமிழர்கள் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள்.

என்னோடு வேலை பார்த்த கவிதாவும் அந்தக் குழுவில் இருக்கிறாள். போன மாதம் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, அது பால்வண்ணம் சாரோட கேள்விதானே? இவங்களுக்கு அவரைத் தெரியாது. நீங்க சண்டை போடறதை விட்டுட்டு அவரைப் பத்தி எழுதுங்களேன்" என்றாள். சண்டை போடுவது எனக்குப் பிடித்த வேலை. ஆனாலும் அவள் சொன்னது சரி.

நான் டெல்லியிலேயே பிறந்தவள். அப்பா கும்பகோணத்திலிருந்து மத்திய அரசு குமாஸ்தாவாக வந்தவர். புசா ரோட்டில் தமிழ்ப் பள்ளி, பிறகு கல்லூரி, பிறகு இரண்டு வருஷம் தட்டச்சு, மொழிபெயர்ப்பு என்று அலைச்சல். கடைசியில் ஒரு செய்தி ஏஜென்சியின் தமிழ்ப் பிரிவில் உட்கார்ந்தேன். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்குச் செய்தியும் கட்டுரையும் அனுப்பும் ஏஜென்சி அது. இன்றைக்கு அது இல்லை. அதனால் பெயர் வேண்டாம். நாங்கள் அனுப்பியவற்றில் மிகச் சிறியது 'இன்றைய நாள்'. ஐந்தே வரி. அந்தத் தேதியில் முன்பு நடந்தவை ஐந்து. பதினோரு பத்திரிகைகள் அதை வாங்கின. முப்பது வருஷம் அந்த ஐந்து வரிதான் என் பிழைப்பு.

பால்வண்ணம் சார் எங்கள் பிரிவின் தலைவர். திருநெல்வேலிக்காரர். டெல்லிக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் அவர் பேச்சில் தாமிரபரணி வற்றவில்லை. இந்தியையும் அதே ராகத்தில்தான் பேசுவார். கோபித்து நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் மேலதிகாரியிடம் திட்டு வாங்கிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அட்டையை நமக்கு முன்னால் வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்பார்.

"யாரு சொன்னா?"

"இந்தப் புத்தகத்துல இருக்கு சார்."

"சரி. அவங்களுக்கு யாரு சொன்னா?"

இந்த இரண்டாவது கேள்வியில்தான் நமக்கு வேர்க்கும்.

அட்டை என்று சொன்னேன் அல்லவா, அதை விளக்கிவிடுகிறேன். மர இழுப்பறை ஒன்றில் முந்நூற்று அறுபத்தாறு தடுப்புகள். பிப்ரவரி இருபத்தொன்பதுக்கும் ஒன்று உண்டு, பாவம், நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் அதற்குச் சோறு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஓர் அட்டை. மேலே தேதி, அதற்குக் கீழே 'எந்த ஊர்க் கடிகாரம்', அதற்குக் கீழே நிகழ்ச்சி, கடைசியில் 'சாட்சி ஒன்று', 'சாட்சி இரண்டு'. எழுதியவர் நீல மையில் ஒரு கையெழுத்து, பார்த்தவர் பச்சை மையில் ஒரு கையெழுத்து. இரண்டு சாட்சி இல்லாத அட்டை இழுப்பறைக்குள் போகாது, எவ்வளவு பெரிய மனிதர் சம்பந்தப்பட்டதாக இருந்தாலும் சரி.

'எந்த ஊர்க் கடிகாரம்' என்பது சாருடைய கண்டுபிடிப்பு. நான் சேர்ந்த புதிதில், நிலவில் மனிதன் இறங்கியதை ஜூலை இருபது என்று எழுதிக் கொடுத்தேன். உலகமே அப்படித்தான் எழுதுகிறது. சார் கண்ணாடியைத் துடைத்தார். "அமெரிக்காவுல ஜூலை இருவது. அப்ப நம்ம ஊர்ல மணி என்ன?" கணக்குப் போட்டேன். இருபத்தொன்றாம் தேதி, விடியற்காலை இரண்டு மணிக்குச் சற்று முன். "அப்ப நம்ம ஆளுக ரேடியோவுல கேட்டது இருவத்தொண்ணு. அவங்களுக்கு நீங்க இருவதுன்னு சொன்னா, 'நான் கேட்டது பொய்யா'ன்னு நினைப்பாங்கள்லா?" என்றார். அதே மாதிரி ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியை நவம்பரில் வைக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னதும் அவர்தான். அவர்கள் பழைய காலண்டர் வேறு. நான் வாயைப் பிளந்தேன். தேதி என்பது சுவரில் அடித்த ஆணி என்று நினைத்திருந்தேன், அது இப்படி ஊருக்கு ஊர் நகரும் என்று யாருக்குத் தெரியும்?

இத்தனையும் படித்துத் தேறிய பிறகுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

ஒரு ஏப்ரல் மாதம், காலை பதினோரு மணி. வாசல் காவலாளி ஒருவரைக் கூட்டிவந்து என் மேஜை முன் நிறுத்தினான். நாற்பது வயதைத் தாண்டியவர், விறைப்பான முதுகு, ஒட்ட வெட்டிய முடி. பட்டாளத்துக்காரர் என்று பார்த்ததுமே தெரிந்தது. கையில் பிளாஸ்டிக் உறை.

"வணக்கம்மா. எம்பேரு முனியசாமி. ஹவில்தாரா இருந்து ரிட்டையர் ஆயிட்டேன். ராமநாதபுரம் பக்கம். இங்க முனிர்காவுல ரூம் எடுத்து மூணு வாரமா கெடக்கேன். இதை எழுதுனது யாருன்னு கேட்டேன், உங்களைக் கைகாட்டுனாங்க."

உறையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தார். எங்கள் 'இன்றைய நாள்'. ஐந்தாவது வரியில் சிவப்புப் பேனாவால் கோடு. அவருடைய ஊருக்குப் பக்கத்து ரயில் பாலம் ஒன்று நாற்பது வருஷத்துக்கு முன் வெள்ளத்தில் உடைந்ததும், யாரோ ஒருவர் சிவப்பு விளக்கைக் காட்டிப் பயணிகள் வண்டியை நிறுத்தியதும்தான் அந்த வரி. சின்ன ஊரின் சின்னச் செய்தி. பத்துப் பெரிய நிகழ்ச்சிகளுக்கு நடுவே அதைத் தேடி எடுத்துப் போட்டது நான்தான், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

"நல்ல செய்திங்க அது" என்றேன், பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து.

"நல்ல செய்திதாம்மா. அந்த வெளக்கைக் காட்டுனது எங்கப்பா."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை, நின்றபடியே சொன்னார். அப்பா பெயர் கருப்பையா. அந்தப் பாலத்தின் காவலர். இரண்டு பேர் முறை மாற்றிக் காவல் பார்ப்பார்கள், நள்ளிரவுக்கு மேல் அப்பாவின் முறை. வெள்ளம் வந்த அன்று பாலத்தடிக் குடிசை, அதில் இருந்த கையெழுத்துப் புத்தகம், அப்பா எல்லாமே போய்விட்டன. உடல் கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது தொலைவில் இருந்த அலுவலகத்தின் விடுப்புப் பதிவேடு மட்டும். அதில் கருப்பையாவுக்குச் செவ்வாய்க்கிழமை ஒரு நாள் விடுப்பு என்று இருந்தது.

"எனக்கு மூணு வயசு. காய்ச்சல்னு ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போக லீவு போட்டாரு. என்னாலதாம்மா அந்த லீவு." உறையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "லீவுல இருந்தவன் பாலத்துக்கு ஏன் போறான், வெள்ளத்தைச் சாக்கு வச்சு எங்கயோ ஓடிட்டான்னு ஊருல பேசுனாங்க. எங்கம்மாவை இன்னைக்கும் 'ஓடிப்போனவன் பொண்டாட்டி'ன்னுதான் சொல்லுவாங்க. தண்ணிக்குழாயில சண்டைன்னா அதுதான் மொத வார்த்தை."

இப்போது அங்கே புதுப் பாலம் கட்டி முடிகிறது. அதில் ஒரு கல்லில், அன்று வண்டியைக் காப்பாற்றியவர் பெயரைப் பொறிக்கப் போகிறார்கள். அப்பா பெயரைப் பொறிக்கும்படி இவர் டெல்லியில் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மனுக் கொடுத்தார். எங்கள் செய்தி பத்திரிகையில் வந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, அதையும் வெட்டி ஆதாரமாக இணைத்தார். பதில் வந்தது. அதை என் கையில் கொடுத்தார். இணைத்துள்ள செய்தியின்படி சம்பவம் நடந்தது செவ்வாய்க்கிழமை. அன்று மேற்படி நபர் விடுப்பில் இருந்திருக்கிறார். ஆகவே கோரிக்கையை ஏற்க இயலாது. வேறு ஆதாரம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் தரவும்.

"நானே வெட்டி, நானே ஒட்டி, நானே கொண்டுபோய்க் குடுத்தேம்மா" என்றார். "அதுல ஆறு நாள் போயிருச்சு."

அட்டையை எடுக்க எழுந்தேன். பால்வண்ணம் சார் அதற்குள் அங்கே வந்து நின்றிருந்தார்.

அட்டையில் இரண்டு சாட்சியும் இருந்தன. ஒன்று, புதுப் பாலம் கேட்டு அந்த ஊர்க் கமிட்டி போட்ட மலர். இரண்டு, அந்த வட்டாரத்து ஆசிரியர் ஒருவர் எழுதிய கட்டுரை. இரண்டிலும் 'செவ்வாய் இரவு' என்று இருந்ததாக நீல மையில் என் கையெழுத்து. அதற்குக் கீழே பச்சை மையில் அவருடையது.

"மலரைக் கொண்டாங்க" என்றார். கொண்டுவந்தேன். அந்தப் பக்கத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, மேஜைமேல் வைத்தார்.

"சுலோச்சனாம்மா, 'செவ்வாய் இரவு, விடிந்தால் புதன்'னு போட்டிருக்கு. அந்த 'விடிந்தால் புதன்' எங்க போச்சு?"

"அதுவா சார்? அது... சும்மா அலங்காரமா எழுதியிருக்காங்கன்னு நினைச்சேன். செவ்வாய் ராத்திரி விடிஞ்சா புதன்தானே. அதை எதுக்குத் தனியா எழுதணும்னு விட்டுட்டேன்."

முனியசாமி என்னை வெறித்துப் பார்த்தார். பால்வண்ணம் சார் பெருமூச்சு விட்டார்.

"அது அலங்காரம் இல்லம்மா. நம்ம ஊர்ல நாள் மாறுதது பன்னெண்டு மணிக்கு இல்ல. விடிஞ்சாத்தான் மறுநாள். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கொழந்தை பெறந்தாலும் செவ்வாய் ராத்திரிம்பாங்க. ஆனா காயிதத்துல எழுதும்போது விவரமான ஆளு 'விடிந்தால் புதன்'னு சேத்து எழுதுவான். பாதி ராத்திரிக்கு மேல நடந்ததுன்னு அதுக்கு அர்த்தம். இங்கிலீஷ் தேதிக்குப் புதன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. புதன்கிழமை என்றால் கருப்பையாவின் விடுப்பு நள்ளிரவோடு முடிந்துவிட்டது. பாலத்தில் இருந்திருக்க வேண்டியவர் அவர். என் அட்டை அவரை ஒரு நாள் முன்னால் தள்ளிவிட்டு, அவர் முதுகில் 'ஓடிப்போனவன்' என்று எழுதிவிட்டது. நிலவுக்கு மணி பார்த்த நான், ராமநாதபுரத்துக்கு மணி பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. இன்றைக்கு இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

"மன்னிச்சிருங்க" என்றேன் முனியசாமியிடம். அவர் பத்திரிகைத் துண்டை மறுபடி உறைக்குள் வைத்தார். அவர் பதில் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்த்ததே தப்பு.

"இரண்டாவது சாட்சி அந்த வாத்தியாருல்லா?" என்றார் சார். "அவருக்கு யாரு சொன்னா?" கட்டுரையின் அடியில் சின்ன எழுத்தில் 'உதவி: ஊர்க் கமிட்டி மலர்' என்று இருந்தது. ஆக என்னுடைய இரண்டு சாட்சியும் ஒரே சாட்சிதான். "இதை நான் அன்னைக்கே கேட்டிருக்கணும். ஊருக்குப் போற அவசரத்துல கேக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். தப்பு எம்பேர்ல" என்றார்.

"இல்ல சார், எழுதினது நான்."

"பாத்தது நான். பச்சைக் கையெழுத்து எதுக்கு, அழகுக்கா?"

அன்று மத்தியானமே என்னைப் பழைய பத்திரிகைகள் உள்ள நூலகத்துக்கு அனுப்பினார். முனியசாமியும் கூட வந்தார். அந்த நூலகத்தில் பழைய பத்திரிகைகளை ஃபிலிம் சுருளில் வைத்திருந்தார்கள். இயந்திரத்தில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும், ஒரு மணி நேரத்தில் தலை கிறுகிறுத்துவிடும். நூலகர் பஞ்சாபிக்காரர். "ஜல்தி கீஜியே மேடம், சாடே சார் பஜே பந்த்" என்று, நாலரைக்கு மூடிவிடுவோம் என்பதை அரை மணிக்கொரு தரம் வந்து நினைவூட்டினார். இரண்டாம் நாள் மூன்று மணிக்குக் கிடைத்தது. ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் ஐந்தாம் பக்கத்தில், அடியில், ஓர் அங்குலச் செய்தி. புதன்கிழமை அதிகாலை பாலம் உடைந்தது, சிவப்பு விளக்குடன் நின்ற ஒரு மனிதரைக் கண்டு ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார், அந்த மனிதரைப் பிறகு காணவில்லை. முனியசாமி அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். 'ஒரு மனிதர்' என்ற இடத்தைக் கண்ணாடித் திரையின்மேல் விரலால் தொட்டார்.

நான் குதித்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். சார் படித்தார். "நல்லது. ரெண்டாவது சாட்சி?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "சார், பதினஞ்சு நாள்ல எட்டு நாள் போயாச்சு. அந்த மனுஷன் சாப்பிடாம அலையறார். இன்னும் என்ன சாட்சி?"

"கேக்கப் போறவன் நம்மளை விட மோசமாக் கேப்பாம்மா. ஒத்தைக் காலோட போனா ஒரே தள்ளுல விழுந்துருவோம்."

இரவெல்லாம் யோசித்தேன். காலையில் பஸ்ஸில் போகும்போது பளிச்சென்று பட்டது. வண்டி! அந்த வண்டியே ஒரு சாட்சிதானே. அதே நூலகத்தில் பழைய ரயில்வே கால அட்டவணைகளைக் கட்டாகக் கட்டி வைத்திருந்தார்கள். தூசியில் தும்மித் தும்மி அந்த வருஷத்து அட்டவணையைப் பிடித்தேன். செவ்வாய் இரவு புறப்படும் அந்தப் பயணிகள் வண்டி, பாலத்துக்கு முந்தைய நிலையத்துக்கே இரவு ஒன்று ஐம்பதுக்குத்தான் வரும். வண்டி தாமதமாக வரலாம், இரண்டு மணி நேரம் முன்னால் வராது. முனியசாமி அங்கேயே எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். நூலகர் பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டார்.

ஆதாரங்களை நகல் எடுத்து, ஏஜென்சியின் தாளில் கடிதம் எழுதித் தரலாம் என்றேன். சாருக்கு அது போதவில்லை. திருத்தம் போட வேண்டும் என்றார். அதுவும் 'இன்றைய நாள்' பகுதியிலேயே, அதே இடத்தில், அதே அளவு எழுத்தில். ஏஜென்சியின் தலைவர் லக்னோக்காரர், எங்கள் மேஜைக்கே வந்துவிட்டார்.

"அரே பால்வண்ணம்ஜி, இத்னி புரானி பாத்! கௌன் படேகா?"

இவ்வளவு பழைய கதையை யார் படிப்பார்கள் என்று கேட்டார். சார் எழுந்து நின்று தாமிரபரணி இந்தியில் பதில் சொன்னார். "ஜிஸ்கே பாப் கா நாம் ஹை சாப், வோ படேகா." யாருடைய அப்பன் பெயரோ, அவன் படிப்பான். லக்னோக்காரர் முனியசாமியைப் பார்த்தார். "அச்சா, அச்சா" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

திருத்தத்தை நான்தான் எழுதினேன். 'அன்று வண்டியைக் காப்பாற்றியவர் பாலக் காவலர் கருப்பையா' என்று முடித்திருந்தேன். சார் அந்த வரியை அடித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அதை நாம பாக்கல. யாரும் பாக்கல. நாள் என்னன்னு சொல்லுததுதான் நம்ம வேலை. நாளைச் சரியாச் சொல்லுங்க, மிச்சத்தை நாளே சொல்லும்."

அச்சில் போனது இவ்வளவுதான்: பாலம் உடைந்த நிகழ்ச்சி செவ்வாய்க்கிழமை நடந்ததாக எழுதியிருந்தோம். அது புதன்கிழமை அதிகாலை ஏறத்தாழ இரண்டு மணிக்கு நடந்தது. அந்த நேரத்தில் பாலக் காவலர் கருப்பையாவின் விடுப்பு முடிந்திருந்தது. அவர் அதன்பின் திரும்பவில்லை. தவறு எங்களுடையது.

பதினோரு பத்திரிகைக்கும் சாரே போன் செய்தார். நாங்கள் திருத்தம் அனுப்பலாம், அதைப் போடுவதும் விடுவதும் அவர்கள் விருப்பம். ஒவ்வோர் ஆசிரியரிடமும் அதே பொறுமை, அதே வார்த்தை. "ஆமாய்யா, தப்பு எங்களுதுதான். எந்த இடத்துல தப்பாப் போட்டியளோ அதே இடத்துல போடுங்க. நான் கேக்கேன்." ஒருவர் சிரித்திருப்பார் போல. "சிரிங்க, போட்டுட்டுச் சிரிங்க" என்றார். ஒன்பது பத்திரிகைகள் போட்டன. அந்த ஒன்பதையும் வெட்டி, நகல்களோடு சேர்த்து, பதின்மூன்றாம் நாள் முனியசாமி கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று மாலையே ரயிலேறி ஊருக்குப் போனார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. சார் கேட்கவும் மாட்டார். ஆனால் தபால் வரும் நேரத்தில் மட்டும் தன் அறைக் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

ஜூன் மாத வெயிலில் ஒருநாள் காலை என் மேஜை போன் அடித்தது. ஊர்ச் சாவடிப் பக்கம் ஏதோ பூத்திலிருந்து முனியசாமி. பின்னால் ஒரே இரைச்சல்.

"அம்மா, பேரு ஏத்துக்கிட்டாங்கம்மா. லெட்டர் வந்துருச்சு. 'பணியின்போது உயிர் நீத்தார்'னு போட்டிருக்கு."

"ஐயோ, எவ்வளவு சந்தோஷம்! அம்மாகிட்ட சொன்னீங்களா? என்ன சொன்னாங்க?"

பூத்தின் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"மூணு தடவை படிக்கச் சொன்னாங்கம்மா. நாப்பது வருசமா பொட்டை அழிக்காம, தாலியைக் கழட்டாம இருந்தாங்க. செத்தாரான்னு உறுதி இல்லாம எப்படிக் கழட்டுறது? கழட்டுனா செத்துட்டாருன்னு நம்மளே பொய் சொன்ன மாதிரி, கழட்டாட்டி ஓடிப்போனவன் வருவான்னு காத்திருக்கான்னு ஊரு சிரிக்கும். நேத்து லெட்டரை மடியில வச்சுக்கிட்டு, கெணத்தடியில போயி பொட்டை அழிச்சாங்க. அப்புறம் வாசல்ல உக்காந்து ஒப்பாரி வச்சாங்கம்மா. அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதே இல்ல. ஊரே வந்துருச்சு. ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு சொன்ன பொம்பளைகள்லாம் வந்து கட்டிப் புடிச்சு அழுறாங்க. எங்கப்பா நேத்துத்தாம்மா செத்தாரு. இன்னும் துக்கம் கேக்க ஆளு வந்துக்கிட்டே இருக்கு. சார்கிட்ட சொல்லிருங்க."

போனை வைத்தேன். அழுகையை அடக்க முடியவில்லை. மேஜையில் மறுநாளுக்கு அனுப்ப வேண்டிய ஐந்து வரி பாதியில் நின்றது, பன்னிரண்டு மணிக்குள் போயாக வேண்டும். சார் அறையிலிருந்து எழுந்து வந்தார். விம்மலுக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு நாளும் ஒரு நிமிஷம்கூட வேலையைத் தள்ளிப்போடாத மனிதர், என் முன்னால் இருந்த தாளை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"அழுங்கம்மா" என்றார். "இன்னைக்கு லேட்டாப் போகட்டும்."